எந்தச் செட் திறம்

அண்ணைக்கும் எனக்கும் ஒன்பது வருடமாக ஒரு வழக்கு நடந்தது. காணி வழக்கில்லை. எந்த வருடம் கூடைப்பந்து அணிக்கு வந்த பெட்டையள் திறம் என்கிற வழக்கு. அவர் ஒரு செட்டைச் சொல்வார், நான் இன்னொரு செட்டைச் சொல்வேன். நாங்கள் கதைத்து முடிப்பதற்குள் உடுப்புக் காயவைக்கிற ட்ரையர் நின்று, துவாய்கள் ஆறிப்போய்க் கிடக்கும்.

அண்ணை என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. என்னோடு வேலை செய்த மன்னார்க்காரர், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூப்பு, என்னைத் தங்கச்சி என்பார். டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மண்டபத்துக்குப் பக்கத்தில் உடுப்பு அறை ஒன்று இருந்தது. ஊத்தை உடுப்பை வாங்கித் தோய்த்து, காயவைத்து, மடித்துத் திருப்பிக் கொடுக்க அங்கே நாங்கள் இரண்டு பேர். எல்லாக் கொடுக்கல் வாங்கலும் ஒரு சின்ன யன்னலால்தான். அந்த யன்னலால் எட்டிப் பார்த்தால், மண்டபத்துக் கதவு திறந்திருக்கும் நேரங்களில், பாதி மைதானம் தெரியும். மற்றப் பாதியில் என்ன நடக்கிறதென்று அண்ணை ஊகித்துச் சொல்வார்.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்த கையோடு நான் அங்கே சேர்ந்தேன். கூடைப்பந்து பற்றி அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், பந்தைக் கூடைக்குள் போட்டாலும் அது கீழே விழுந்துவிடும் என்பதுதான். பிறகு எதற்குக் கூடை என்று அண்ணையிடம் கேட்டேன். அவர் அன்றைக்கு முழுக்க என்னோடு கதைக்கவில்லை. மன்னாரில் பள்ளிக்கூடத்து அணியில் விளையாடியவர் அவர். அவர் சொல்வதைக் கேட்டால், அந்தக் காலத்தில் மன்னாரில் அவரைத் தவிர வேறு ஒருவரும் பந்தைத் தொட்டதில்லை என்றுதான் நினைக்கத் தோன்றும்.

ஆண்கள் அணியும் இருந்தது. அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. காலுறைகளைத் தொலைப்பார்கள், அவ்வளவுதான். எங்கள் வழக்கெல்லாம் பெண்கள் அணியைப் பற்றியது.

இங்கே கியூபெக்கில் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே இரண்டு வருடப் படிப்பு ஒன்று உண்டு, சேஜெப் என்பார்கள். பனிக்காலம் முழுக்க எங்கள் கோச் ஒரு கொப்பியும் கையுமாகச் சேஜெப் சேஜெப்பாகப் போய் வாங்கிலில் குந்திக்கொண்டு பெட்டையளின் ஆட்டத்தைப் பார்ப்பார். கட்டையான, ஓட்டமும் நடையுமாகத் திரிகிற கியூபெக் பெண்மணி. பிடித்துப்போனால் பிள்ளைக்குத் தொலைபேசி எடுப்பார், வீட்டுக்குப் போவார், தாய் தகப்பனோடு கோப்பி குடிப்பார். எங்களில் பெண் பார்க்கப் போவது மாதிரித்தான். ஆனால் இங்கே பெண் வீட்டாருக்குத்தான் மவுசு. நாலு பல்கலைக்கழகக்காரர் வந்து கோப்பி குடித்துவிட்டுப் போன வீடாக இருக்கும். கடைசியில் ஒரு ஓகஸ்ட் மாதத்தில் புதிதாக வந்து சேருகிற மூன்று நாலு பேரைத்தான் நாங்கள் ஒரு செட் என்போம். அவர்களின் படம் எங்கள் யன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டப்படும். படங்கள் கூடக் கூட வழக்கும் கூடியது.

அண்ணையின் கட்சி மகாராணிகள் கட்சி. நான் சேர்ந்த வருடம் வந்த செட் அது. மூன்று பேர், மூன்று பேரும் உயரம், மூன்று பேரையும் மற்றப் பல்கலைக்கழகங்கள் கெஞ்சிக் கேட்டிருந்தன. எங்கள் கோச் அந்த மூன்று பேரையும் ஒரே வருடத்தில் பிடித்துவிட்டார் என்று பத்திரிகையில்கூட வந்தது. வந்த வருடமே கிண்ணம் எடுத்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரிகள்தான். ஆனால் துவாயை ஈரத்தோடு உருட்டிப் பையின் அடியில் போடுவார்கள். திங்கட்கிழமை அந்தப் பையைத் திறப்பது நான்தானே. அண்ணை பந்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார், நான் துவாயைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வேன்.

செட்டுகளை அளக்க நாங்கள் வைத்த சேர்ட் சோதனை தொடங்கியதும் அந்த மகாராணிகளோடுதான். முதற்கிழமைப் பயிற்சிக்குக் கொடுக்கிற சேர்ட்டுகளைக் கடைக்காரர் அளவு மாற்றி அனுப்பிவிட்டார். வேறு வழியில்லாமல் இருந்ததைக் கொடுத்தோம். ஐந்து நிமிடம் ஆகவில்லை, மூன்று பேரும் யன்னலில் வந்து நின்றார்கள். ஒருத்தி தகப்பனுக்கே தொலைபேசி எடுத்துவிட்டாள். அவர் எங்கேயோ இருந்துகொண்டு பிரெஞ்சில் என்னை ஏசினார். நான் எல்லாவற்றுக்கும் மெர்சி, மெர்சி என்று நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

அடுத்த வருடம் சரியான அளவுகள்தான் வந்தன. அண்ணைக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. இவர்கள் என்ன செய்கிறார்கள் பார்ப்போம் என்று வேண்டுமென்றே மாற்றிக் கொடுத்தார். கேட்டால், சரியானது இன்னும் வரவில்லை என்று சொல்வது. ஒரு கிழமை, ஐந்தாறு நாளுக்குத்தானே, ஒருவருக்கும் நட்டமில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஓகஸ்டும் அது எங்கள் வழக்கமாகிவிட்டது. கோச்சுக்கு நாங்கள் சொல்லவில்லை.

அந்தச் சோதனையில் அகப்பட்டதுதான் நான் கட்சி பேசிய செட். மிச்சம் மீதிச் செட் என்று அண்ணை பெயர் வைத்தார். கோச் ஆசைப்பட்ட பிள்ளைகளெல்லாம் அந்த வருடம் வேறு இடங்களுக்குப் போய்விட்டார்கள். வந்த நாலு பேரும் கொப்பியில் அடிப்பக்கத்தில் இருந்தவர்கள். படத்தில் பார்த்தாலே தெரியும், ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். இந்த நாலு பேரிடமும் தாறுமாறான சேர்ட்டுகளைக் கொடுத்துவிட்டு யன்னலுக்குப் பின்னால் ஒளித்து நின்று பார்த்தோம். அவர்கள் யன்னல் பக்கம் திரும்பவே இல்லை. வெளியே நடையிலேயே நின்று சிரித்துச் சிரித்து மாற்றிக்கொண்டார்கள். ஒருவருக்கும் பொருந்தாத ஒன்று மிஞ்சியது, முழங்கால் வரை தொங்குகிற சேர்ட். கண்ணை மூடிய பெட்டை அதைத் தான் எடுத்துக்கொண்டாள்.

முதல் வருடம் அவர்கள் தோற்றதுக்குக் கணக்கில்லை. அண்ணை ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். மூன்றாம் வருடம் அதே நாலு பேரும் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு யன்னலுக்கு வந்து, அதற்குள் என் தேத்தண்ணியை ஊற்றிக் குடிக்கச் சொன்னார்கள். நான் குடித்தேன். அண்ணைக்கும் ஒரு வாய் கொடுத்தேன்.

ஆனால் மனுசன் விடுவாரா? மகாராணிகள் வந்த வருடமே எடுத்தார்கள், உம்முடைய ஆட்களுக்கு மூன்று வருடம் பிடித்தது என்பார். உங்கள் மகாராணிகள் மூன்றாம் வருடம் ஒருவரோடு ஒருவர் கதைக்காமல் மூன்று லொக்கர் தள்ளித் தள்ளி உடுப்பு மாற்றினார்களே என்பேன் நான். நடுவில் ஒரு ஊமைச் செட்டும் வந்தது. இறுக்கமான சேர்ட்டை வாய் திறக்காமல் போட்டுக்கொண்டு கிழமை முழுக்க மூச்சுவிடக் கஷ்டப்பட்டார்கள். அதில் பாதிப்பேர் மார்கழி நத்தார் லீவுக்குப் பிறகு வரவில்லை. சேர்ட்டைப் பார்த்தே செட்டைச் சொல்லிவிடலாம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் அதற்குள் பெரிய எண்ணம் வந்துவிட்டது.

இந்த நிலையில்தான் என் மகள் வந்து சேர்ந்தாள்.

லாசால் பகுதியில் எங்கள் வீடு இரண்டாம் மாடி. பன்னிரண்டு வயதிலிருந்து அவள் வீட்டுக்குள் பந்து தட்டுவாள், கீழ்வீட்டுக்காரி தும்புத்தடியால் முகட்டைத் தட்டுவாள், நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று சமைப்பேன். அவளுக்கு வேறு ஆசையே இல்லை. மற்றப் பிள்ளைகள் உடுப்புக் கேட்டார்கள், இவள் பந்துக்குக் காற்றடிக்கிற பம்பு கேட்டாள். ஒருநாள் எங்கள் கோச் அவளுடைய சேஜெப்புக்கு வேறொரு பிள்ளையைப் பார்க்கப் போனார். போன இடத்தில் இவளும் கண்ணில் பட்டிருக்கிறாள். எங்கள் வீட்டுக்குக் கோப்பி குடிக்க ஒருவரும் வரவில்லை. ஒரேயொரு தொலைபேசி அழைப்புத்தான் வந்தது. ஓகஸ்டில் வரட்டும், ஒரு கிழமை பார்ப்போம், வெள்ளிக்கிழமை பட்டியல் போடும்போது சொல்கிறேன் என்றார் கோச். அந்த வருடம் கோச் தானே அழைத்து வந்தவர்கள் நாலு பேர், அவர்களுக்கு இடம் நிச்சயம். என் மகள் ஐந்தாவது ஆள், அவளுக்கு நிச்சயமில்லை.

அவள் அந்தக் கோடை முழுக்க ஓடினாள். சாப்பிடும்போதும் காலாட்டிக்கொண்டிருந்தாள். எடுபடாவிட்டால் என்ன செய்வாய் என்று தகப்பன் ஒருமுறை கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்தபிறகு திரும்பக் கேட்கவில்லை.

சேர்ட் கொடுக்கிற நாள் வந்தது. அண்ணை ஐந்து சேர்ட்டையும் அளவு மாற்றி அடுக்கினார். உம்முடைய பிள்ளையென்று சலுகையில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நானும் சரியென்றுதான் தலையாட்டினேன். அவர் சாமான் இறக்கப் பின்வாசலுக்குப் போன ஐந்து நிமிடத்தில், அவளுக்கு வைத்திருந்த எக்ஸ்-எல்லை எடுத்துவிட்டு மீடியம் ஒன்றை வைத்துவிட்டேன். பிள்ளை தொளதொளவென்ற சேர்ட்டோடு ஓடினால் கோச் என்ன நினைப்பார்? இதுதான் என் நியாயம். சின்ன வயதில் அவளுக்கு வாங்கிய சப்பாத்து, சட்டை, குளிர் ஜாக்கெட் எல்லாம் வளருவாள் வளருவாள் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கியவள் நான். வாழ்க்கையில் முதல்தரமாக அளவாக ஒன்றைக் கொடுத்தேன்.

நடையில் மற்ற நாலு பேரும் சேர்ட்டுகளைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கத்தினார்கள். நீ இதைப் பார், உனக்கு என்ன வந்தது, இதற்குள் என்னுடைய தம்பியும் நுழைவான் என்று ஒரே அமளி. மாற்றினார்கள், திரும்ப மாற்றினார்கள், ஒருத்தி மற்றவளின் சேர்ட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தாள். என் மகளிடமும் உனக்கு எப்படி என்று கேட்டார்கள். அவள் காட்டினாள். சரியாக இருந்தது. அவர்கள் நல்லது என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள்.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. பிள்ளை எவ்வளவு வடிவாக நிற்கிறாள் என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று பின்னேரத்துக்குள் அந்த நாலு பேரும் ஒருவரையொருவர் சேர்ட்டின் அளவைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். எக்ஸ்-எல், வா இங்கே. ஸ்மோல், பந்தைத் தா. என் மகளுக்குப் பெயர் இல்லை. புதன்கிழமை கதவு திறந்திருந்தது, பாதி மைதானம் தெரிந்தது. பந்து நாலு பேருக்குள் சுற்றிச் சுற்றிப் போனது. ஐந்தாவது ஆள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. அவளை அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அண்ணையிடம் உண்மையைச் சொன்னேன். கிண்டல் பண்ணுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மடித்துக்கொண்டிருந்த துவாயை அப்படியே வைத்துவிட்டார்.

“நீர் நல்லதெண்டு நினைச்சுத்தான் செய்தனீர், தங்கச்சி. ஆனா எல்லாருக்கும் ஒரு கரைச்சலைக் குடுத்துப்போட்டு, உம்மட பிள்ளையை மட்டும் தனிய விட்டிட்டீரே.”

வெள்ளிக்கிழமை பட்டியலில் அவள் பெயர் இல்லை.

கோச் நல்ல மனுசி. மகளைத் தனியாகக் கூப்பிட்டு, இடது கை போதாது, அதைப் பழகிக்கொண்டு அடுத்த ஓகஸ்டில் வந்தால் திரும்பப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். சேர்ட்டால் போனதா, இடது கையால் போனதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எதையெடுத்தாலும் சோற்றுக்கையால் எடு, சோற்றுக்கையால் கொடு என்று சொல்லி வளர்த்தவளும் நான்தானே. எப்படிப் பார்த்தாலும் குற்றவாளி மாறவில்லை.

அன்று மெற்றோவில் வீட்டுக்குப் போகும்போது மகளிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். சோதனையைச் சொன்னேன், எக்ஸ்-எல்லைச் சொன்னேன், மீடியத்தைச் சொன்னேன். அவள் கத்துவாள் என்று ஆயத்தமாக இருந்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“அவையள் எல்லாருக்கும் சோதினை வைச்சனீங்கள். எனக்கு மட்டும் ஏன் வைக்கேல்லை, அம்மா? நான் ஃபெயில் விட்டிடுவன் எண்டு பயந்தனீங்களோ?”

நான் இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும். ஆனால் அவள் சொன்னதுதான் உண்மை. சேர்ட் பெரிது அம்மா என்று எல்லோருக்கும் முன்னால் என் யன்னலுக்கு வந்து நின்றுவிடுவாள் என்று நான் பயந்தேன். அவள் எதையும் கேட்டு அழுகிற பிள்ளை இல்லை. பெற்று வளர்த்த எனக்கு அது தெரிந்திருக்கவேண்டும். மற்றவர்கள் பெற்ற பிள்ளைகளை ஒரு சேர்ட்டில் எடை போட்டுத் தீர்ப்புச் சொன்னவள், என் பிள்ளையைப் பிழையாகத்தான் எடை போட்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

அந்த வருடம் எங்கள் வீட்டில் எல்லாம் இடது கையால் நடந்தது. பல் தீட்டுவது, கதவு திறப்பது, பஸ்ஸில் சில்லறை போடுவது. ஒருநாள் சாமிப் படத்துக்குப் பூவையும் இடது கையால் வைத்தாள். நான் வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டேன். பனியில்லாத நாட்களில் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில், பனி நாட்களில் கீழ்வீட்டுக்காரியின் தலைக்கு மேலே என்று பந்து ஓயவில்லை. அண்ணை ஒவ்வொரு சனியும் ஜான்-டலோன் சந்தையில் வாங்குகிற தோடம்பழத்தில் பாதியைத் திங்கட்கிழமை கொண்டுவந்து, இது எங்கட ஆளுக்கு என்று தருவார். உரித்துச் சாப்பிடுவதும் இடது கையால் என்று ஒரு கட்டளையும் கூடவே வரும்.

அடுத்த ஓகஸ்ட் வந்தது. கோச் புதிதாக அழைத்து வந்தவர்கள் மூன்று பேர், நாலாவது என் மகள். இந்த முறைதான் கடைசி என்று கோச் சொல்லியிருந்தார். சேர்ட் கொடுக்கிற நாளில் நான் வேலைக்குப் போகவில்லை. வயிற்றுக்குத்து என்று சொல்லிவிட்டேன். அது முழுப்பொய்யுமில்லை. அந்த யன்னலடியில் நின்றால் என் கை திரும்பவும் சும்மா இராது என்று எனக்குத் தெரியும். ஒன்பது வருடத்தில் நான் தவறவிட்ட ஒரேயொரு சேர்ட் நாள் அது.

வீட்டில் இருக்கவும் முடியவில்லை. தோய்த்த திரைச்சீலைகளைத் திரும்பத் தோய்த்தேன். பின்னேரம் மகள் வந்தாள். தனக்குள் சிரித்துக்கொண்டு வந்தாள். பையைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு ஆண்பிள்ளைச் சேர்ட் கிடந்தது. அதன் விளிம்பைச் சுற்றி, ஆளுக்கு ஒன்றாக்கும், நாலு நிறத்தில் தலைமயிர் கட்டுகிற றப்பர்கள் போட்டு முடிந்திருந்தார்கள். இது என்ன கோலம் என்று கேட்டேன். பேந்து, பட்டியல் வந்தாப் பிறகு சொல்லுறன் என்றுவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் அண்ணையைப் பிடித்தேன். என்ன நடந்தது, யார் முதலில் மாற்றியது, என் பிள்ளை என்ன செய்தாள்? ஒன்பது வருடமாக வாய் ஓயாத மனுசன் வாயைத் திறக்கவில்லை. அவர் கும்பிடுகிற மடு மாதா மேல் சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டாராம். யாருக்கு என்று கேட்டேன். நாலு பேருக்கும் என்றார்.

வெள்ளிக்கிழமை பட்டியல் போட்டார்கள். எல்லோரும் பார்த்துவிட்டுப் போகும்வரை காத்திருந்து, நடையில் ஆளில்லாத நேரம் போய்ப் பார்த்தேன். கடைசிப் பெயருக்கு முந்தின பெயர் அவளுடையது. எழுத்துக்கு எழுத்து விரலை வைத்து வாசித்தேன். பிறகு அறைக்குள் வந்து, அப்போதுதான் மடித்து வைத்த துவாய் ஒன்றை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டு நன்றாக அழுதேன். அண்ணை ட்ரையருக்குள் தலையை விட்டு எதையோ தேடுவது மாதிரி நின்றார். அவருடைய கண்ணும் நல்லபடியாக இருக்கவில்லை.

அன்று அவளும் நானும் ஒரே மெற்றோவில் வீட்டுக்குப் போனோம். இனிச் சொல்லத்தானே வேண்டும். பட்டியல் வந்துவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை. அந்தச் சேர்ட்டுக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். நயமாகக் கேட்டேன், அதட்டிக் கேட்டேன், பத்து மாதம் சுமந்த கதையையும் எடுத்துவிட்டேன்.

“அது எங்கட செட்டின்ர கதை, அம்மா. வெளி ஆக்களுக்குச் சொல்லுறேல்லை.”

பெற்ற தாயைப் பார்த்து வெளி ஆள் என்கிறாள். வேறு நாளென்றால் வீடு போய்ச் சேரும்வரை ஏசியிருப்பேன். அன்றைக்கு அவள் பக்கத்தில் இன்னும் நெருங்கி இருந்தேன். எங்கட செட் என்றாளே, அதை இன்னொருதரம் கேட்கவேண்டும் போல இருந்தது. அதனால் திரும்பவும் கேட்டேன். அவள் திரும்பவும் அதையே சொன்னாள்.